அட்டையில போட்ட வருஷமும் அம்மாயி சொன்ன வருஷமும்: பெரியம்மா பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல பாட்டி பத்தித்தான். போன இதழ்ல எங்க அப்பத்தா வச்ச கருவாட்டுக் குழம்பு பத்தி நாலு வரி எழுதினேன், அதுல கெளம்பிருச்சு போல. மாமியார் சண்டை, பையனுக்கு பொண்ணு பாக்குறது, முடி கொட்டுறதுன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் பெரியம்மா. எங்க அம்மாயி போன மார்கழியில தவறிட்டாங்க. வருஷ திதிக்கு அவங்க கதைய ஒரு சின்ன புத்தகமா அடிச்சு சொந்தக்காரங்களுக்கு குடுக்கலாம்னு நானும் தங்கச்சியும் உக்காந்தோம், ஆனா மொத வரியிலயே நின்னுட்டோம். எந்த வருஷம் பொறந்தாங்கன்னே தெரியல. எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டுக்காரங்க பதிவு) அட்டையில 1938ன்னு இருக்கு, அத கேட்டா "அது கிளார்க்கு பெத்த வருஷம்டி"ன்னு சிரிப்பாங்க. அவங்க வாயால சொன்னது மூணே மூணு. எங்க ஊரு சுவேமோதோ பயா (புத்தர் கோபுரம்) இடிஞ்சப்போ அவங்க ஆத்தா வயித்துல இருந்தாங்களாம், ரங்கூன்ல குண்டு விழுந்தப்போ தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு நின்னாங்களாம், அந்த பயாவ திரும்ப கட்டி முடிச்ச வருஷம் எங்க பெரிய மாமா பொறந்தாராம். மாமா என்னடான்னா இதெல்லாம் கெழவி கதை, அட்டையில இருக்கறதையே போடுங்கன்னு சொல்றாரு. எதப் போடறது? (எனக்கு தமிழ் எழுத வராது, நான் சொல்ல தங்கச்சி டைப் பண்ணினது, தப்பு இருந்தா மன்னிக்கவும்.)
பேத்தி, பெகு (பர்மா)

பதில்: அட்டைய மூடி பொட்டியில வை தாயி. உங்க அம்மாயி உனக்கு ஜாதகமே எழுதி குடுத்துட்டு போயிருக்காங்க, நீங்கதான் அத கதைன்னு நெனச்சிட்டீங்க.

பெகுவுல இருக்கற உனக்கு நான் சொல்லணுமா, சுவேமோதோ இடிஞ்சது 1930 மே மாசம் 5ஆம் தேதி வந்த பூகம்பத்துல. அப்போ வயித்துல இருந்தாங்கன்னா 1930 வைகாசிக்கு மேல, ரொம்ப போனா 1931 தை மாசத்துக்குள்ள பொறந்திருக்கணும். சரி, இத அடுத்த கதையில வச்சு உரசிப் பாரு. ரங்கூன்ல ஜப்பான்காரன் போட்ட மொத குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, நல்ல மார்கழி மாசம், பகல் நேரம். ஏரோப்ளேன் வருதுன்னு ஜனம் ரோட்டுல எறங்கி அண்ணாந்து வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னப்பதான் விழுந்துச்சு, அதனாலதான் அவ்வளவு சாவு. ரெண்டு நாள் கழிச்சு கிறிஸ்மஸ் அன்னைக்கு திரும்பவும் போட்டான். அட்டைப்படி பாத்தா அன்னைக்கு உங்க அம்மாயிக்கு மூணு வயசு. மூணு வயசு புள்ள இன்னொரு புள்ளைய இடுப்புல தூக்குமா? பத்து பதினோரு வயசுன்னா தூக்கும், அந்தக் காலத்துல அந்த வயசு பொண்ணுக்கு வேலையே அதுதான். மூணாவது, பயாவ கட்டி முடிச்சது 1954. இத சரிபாக்க எங்கயும் போக வேணாம், கெழவி கதைன்னு சொன்ன உங்க மாமாகிட்டயே அவரு வயசக் கேளு, கேட்டுட்டு மூஞ்சியப் பாரு.

ஆக, போன மார்கழியில போனப்போ அட்டை சொன்ன வயசுக்கு மேல ஏழெட்டு வருஷம் கூடவே வாழ்ந்திருக்காங்க. அந்த ஏழெட்டு வருஷத்த ஆபீஸ்ல மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருந்த யாரோ ஒருத்தர் அவசரத்துல அழிச்சிட்டாரு. புத்தகத்துல நீங்க அத திருப்பிக் குடுங்க.

நம்ம பாட்டிங்களுக்கு காலண்டர் கெடையாது, ஆனா வருஷம் தப்பாது. இன்னும் ஒண்ணு ரெண்டு கெழவிங்க உயிரோட இருக்கற வீட்டுக்காரங்களுக்கும் சேத்து சொல்றேன், எந்த வருஷம்னு கேக்காதீங்க, கேட்டா "யாருக்கு தெரியும்"ன்னு வெத்தலைய வாயில போட்டுக்குவாங்க. எது நடந்தப்போன்னு கேளுங்க. ஜப்பான்காரன் நோட்டு குப்பைக்கு போனப்போ நீ எந்த ஊர்ல இருந்த, கடைய எல்லாம் கவுருமெண்டு எடுத்தப்போ தாத்தா எந்த கடையில இருந்தாரு, பள்ளிக்கூடத்த எடுத்தப்போ அம்மா எத்தனாவது படிச்சா, இப்படி. கடைய எடுத்தது 1964 மார்ச்சு, பள்ளிக்கூடம் 1965. அதுக்கு அப்புறம்தான் கோயில் திண்ணையில தமிழ் படிக்கற காலம் வந்துச்சு, உனக்கு தமிழ் எழுத வராம போனதுக்கு ஆரம்பம் அங்கதான் இருக்கு, அதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு.

அப்புறம் நோட்டு. நோட்டு பத்தி கேட்டா போதும், எந்த பாட்டியும் வாயத் தொறந்துரும். 1964 மே 17ஆம் தேதி அம்பது, நூறு கியாத் நோட்டு செல்லாதுன்னாங்க. எங்க அப்பத்தா தாத்தாவுக்கு தெரியாம தலகாணி பஞ்சுக்குள்ள நூறு கியாத் நோட்டா வச்சிருந்துச்சு, எத்தனை நோட்டுன்னு சாகற வரைக்கும் சொல்லல. மாத்தப் போனா எங்கேருந்து வந்துச்சுன்னு தாத்தா கேப்பாரு, மாத்தலன்னா காசு போச்சு, ரெண்டு நாள் சோறு தின்னாம யோசிச்சிட்டு கடைசியில மாத்தவே போகலயாம். அதுலேருந்து அது காச நம்பறத விட்டுருச்சு. கையில நாலு காசு சேந்தா வத்தமொளகா, புளி, லுங்கி, இப்படி வாங்கி மச்சுல போட்டு வைக்கும். வீட்டுல எப்பவும் மொளகா நெடி, நாங்க தும்மிக்கிட்டே வளந்த புள்ளைங்க. 1985 நவம்பர்ல இருவது, அம்பது, நூறு செல்லாதுன்னாங்க, அதுக்கு பதிலா எழுவத்தஞ்சு கியாத் நோட்டுன்னு ஒரு கணக்கு வராத நோட்டு வந்துச்சு, 1987 செப்டம்பர்ல அதையும் இருவத்தஞ்சையும் முப்பத்தஞ்சையும் ஒரே நாள்ல காயிதமாக்கிட்டாங்க, இந்த தடவை மாத்தியும் குடுக்கல. அன்னைக்கு எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியல. எங்க அப்பத்தா மச்சுல ஏறி ஒரு மூட்டை மொளகாவ எறக்கி, வீசை கணக்குல நிறுத்து அரிசிக்கு மாத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு வாரத்துக்கு அது மூஞ்சிய பாக்க முடியல, அவ்வளவு பவுசு.

பாரு, உன் கேள்விக்கு பதில் சொல்ல வந்து என் அப்பத்தா கதைக்கு போயிட்டேன். ஆனா நீ எழுதறதும் இப்படி இருந்தா போதும். "அன்பின் சிகரம், பண்பின் உருவம், தியாகச் சுடர்"னு மட்டும் போட்டுறாத, அது எந்த பாட்டிக்கும் பொருந்தும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கறவரு கம்ப்யூட்டர்ல ரெடியா வச்சிருப்பாரு. தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு அண்ணாந்து பாத்த பதினோரு வயசு பொண்ணுலேருந்து ஆரம்பி. அந்த தம்பி என்ன ஆனாருன்னு நீ எழுதல. மாமாகிட்ட வயசு கேக்கும்போது அதையும் கேட்டுரு, பக்கத்துல போன ஆன் பண்ணி வச்சுட்டு.

கேள்வி: பெரியம்மாவுக்கு வணக்கம். எனக்கே அறுபது ஆகப் போகுது. எங்க பாட்டிக்கு கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான், எங்கப்பா கைக்குழந்தை, ஜப்பான்காரங்க காலத்துல தாத்தாவ ரயில் ரோடு போடற வேலைக்கு தன்பியூசயாட் பக்கம் புடிச்சிட்டு போனாங்க. திரும்பி வரல, சேதியும் வரல. பாட்டி கடைசி வரைக்கும் பொட்ட அழிக்கல, தாலிய கழட்டல, நல்ல காரியத்துக்கு கூப்புட்டா போயிட்டு வந்து மஞ்ச குங்குமம் வாங்கிக்கும், யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காது. அது செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ என் மக பாட்டி கதைய எழுதணும்ங்கறா. பாட்டிய சுமங்கலின்னு எழுதறதா விதவைன்னு எழுதறதா? தாத்தாவுக்கு திதியும் குடுத்ததில்ல, தேதி தெரியாதே.
பேரன், மோல்மேன்

பதில்: தம்பி, ரெண்டு வார்த்தையும் வேணாம். பொட்டு அழிக்கல, தாலி கழட்டலன்னு எனக்கு எழுதினீங்களே, அத அப்படியே உங்க மகளுக்கு சொல்லி எழுதச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு பேரு அந்த பாட்டி கேக்கல, நாம எதுக்கு வைக்கணும்.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர், சயாம் பக்கமிருந்தும் நம்ம தன்பியூசயாட் பக்கமிருந்தும் ரெண்டு கோடியிலயும் போட்டுக்கிட்டே வந்து 1943 அக்டோபர்ல சேத்தாங்க. வெள்ளைக்கார கைதிங்க செத்தது உலகத்துக்கு தெரியும், தன்பியூசயாட்ல அவங்களுக்கு புல்லு வெட்டி பூச்செடி வச்சு வரிசையா கல்லு நட்ட மயானம் இருக்கு, கல்லுல பேரு இருக்கு. நம்ம ஆளுங்க, பர்மாக்காரங்க, மலாயாவுலேருந்து கூட்டம் கூட்டமா கொண்டு வந்த தோட்டத்து தமிழங்க, இவங்கதான் கைதிங்களவிட ரொம்ப ஜாஸ்தி செத்தாங்க, வாந்திபேதியிலயும் காய்ச்சல்லயும். அவங்களுக்கு ஆளுக்கொரு கல்லும் இல்ல பேரும் இல்ல. நான் ஒரு தடவை அந்த மயானத்துக்கு போயிருக்கேன், தண்ணி பாட்டில கையில வச்சிக்கிட்டு கல்லு கல்லா பேரு படிச்சிட்டு வந்தேன், ஒரு முனியாண்டி இல்ல ஒரு மாரிமுத்து இல்ல. பாட்டி தாலிய கழட்டாததுக்கு என்ன காரணம்னு எனக்கு தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆனா செத்தாருன்னு சொல்ல ஒரு ஆளும் வரலயே, யாரு சொல்லி கழட்டறது?

திதிக்கு வழி இருக்கு. நாள் தெரியாம போனவங்களுக்கு புரட்டாசியில வர்ற மகாளய அமாவாசைன்னு பெரியவங்க வச்சிருக்காங்க. சால்வீன் ஆத்தங்கரையிலயே எள்ளும் தண்ணியும் விடுங்க, காசிக்கு போகணும்னு யாராவது சொன்னா கேட்டுக்கிட்டு பேசாம இருங்க. பாட்டி இருந்தவரைக்கும் அது விட்டிருக்காது, இப்போ பேரன் நீங்க செய்யலாம். ஒண்ணே ஒண்ணு, புத்தகத்துல தாத்தா பேர பெருசா போடச் சொல்லுங்க. அந்த பேரு இதுவரைக்கும் எங்கயும் அச்சுல வந்திருக்காது.

கேள்வி: பெரியம்மா, என் பாட்டி தமிழ் கெடையாது, பர்மாக்காரி. தாத்தா ராம்நாடு பக்கம். நாங்க அவங்கள அப்வான்னுதான் கூப்புடுவோம். வெள்ளிக்கிழமை மஞ்ச, மத்த நாள் மூஞ்சிக்கு தனக்கா மரச்சாந்து, மாரியம்மனுக்கு கூழும் ஊத்துவாங்க, பயாவுக்கு பூவும் வைப்பாங்க. செத்தப்போ ஏழாம் நாள் பொங்கி சாமிங்கள (புத்த பிக்குங்கள) வீட்டுக்கு கூப்பிட்டு ஸூன் (சோறு தானம்) குடுத்தோம். சித்தப்பா இப்போ வருஷ திதில அவங்க படத்த வைக்கக் கூடாது, நம்ம மொறை இல்லங்கறாரு. மனசு கஷ்டமா இருக்கு.
பேத்தி, இன்சீன்

பதில்: உங்க சித்தப்பாவ பெத்தது யாருன்னு கேளு.

சரி, கோவத்த விட்டுட்டு சொல்றேன். ஏழாம் நாளு ஸூன் குடுத்து அம்யான்னு மூணு தடவை சொல்லி புண்ணியத்த பங்கு வச்சீங்கல்ல, அது அவங்க வழியில அவங்களுக்கு சேர வேண்டியது சேந்தாச்சு. வருஷத்துக்கு ஒரு நாள் படம் வச்சு பூ போட்டு சோறு போடறது உங்க வழியில உங்களுக்காக. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எடஞ்சல் இல்ல. அவங்க உயிரோட இருந்தப்போ ரெண்டையும் ஒரே கையால செஞ்சாங்க, மொறை எதுன்னு சித்தப்பா அன்னைக்கு கேக்கல, கூழ குடிச்சாரு. படையல்ல லெப்பெத் (ஊறவச்ச தேயிலை) ஒரு கிண்ணம் வச்சுரும்மா, அவங்களுக்கு புடிக்கும்தானே.

கேள்வி: வியாசர்பாடியிலேருந்து எழுதறேன் பெரியம்மா. எங்க ஆயா 1965ல கப்பல்ல மெட்ராஸ் வந்தவங்க. போட்டுருந்த நகையக்கூட துறைமுகத்துல கழட்டி வாங்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அவங்க நோட்டுல மொகிங்கா (மீன் குழம்பு ஊத்தின அரிசி நூடுல்ஸ்) எழுதி வச்சிருக்காங்க, மீன் ஒரு வீசை, வறுத்த அரிசி ஒரு பால் டப்பா, அப்படி. அம்மா கணக்கு போட்டு செஞ்சா நீத்துப் போகுது, ஆயா வச்ச மாதிரி வரல. நோட்டு அட்டையில மொகல் ஸ்ட்ரீட் ரங்கூன்னு ஒரு விலாசமும் இருக்கு, அந்த தெரு மேப்புல இல்ல. உதவி பண்ணுங்க.

பதில்: மொதல்ல வீசை. மெட்ராஸ் பக்கத்து பழைய வீசை கிட்டத்தட்ட 1.4 கிலோ, உங்கம்மா அந்த கணக்குலதான் போட்டிருப்பாங்க. இங்க வீசைன்னா நூறு கியாத்தா (அது எடைக் கணக்கு, நோட்டு இல்ல), 1.63 கிலோ. பேரு நம்மூர் பேருதான், இங்க வந்து குண்டாயிருச்சு, நம்மள மாதிரியே. ஆக ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட கால் கிலோ மீன் கம்மியாத்தான் போட்டுக்கிட்டு இருக்கீங்க. மீன் கெளுத்தியா இருக்கணும், கடல் மீன் போட்டா ஆகாது. பால் டப்பான்னா கெட்டிப்பால் வர்ற தகர டப்பா, அதுதான் இங்க அரிசி அளக்கற படி. எட்டு டப்பா ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை, இன்னைக்கும் கடையில அப்படித்தான். டம்ளர்ல அளந்திருந்தா அதுவும் தப்பிருக்கும். அரிசிய செவக்க வறுத்து பொடி பண்ணி கரைச்சு ஊத்தணும், அதுதான் கெட்டி குடுக்கும். அப்புறம் வாழைத்தண்டு. ஆயா நோட்டுல எழுதலன்னா வேணாம்னு அர்த்தம் இல்ல, அது இல்லாம மொகிங்காவே இல்லன்னு அவங்களுக்கு தெரியும், எழுதணும்னு தோணியிருக்காது. பாட்டிங்க சமையல் நோட்டே அப்படித்தான், முக்கியமானது எழுதியே இருக்காது. எங்க அப்பத்தா கருவாட்டுக் குழம்புக்கு "புளி, போதுமான" அப்படின்னு சொல்லும், யாருக்கு போதும்?

தெரு எங்கயும் போகல, பேருதான் மாறிருச்சு. மொகல் ஸ்ட்ரீட் இப்போ ஷுவேபொன்தா தெரு. அதுல வடக்க நடந்தா பழைய டல்ஹௌசி ஸ்ட்ரீட்டு குறுக்க வரும், அது இப்போ மகாபந்துலா ரோடு. அதத் தாண்டி ஃப்ரேசர் ஸ்ட்ரீட்டு, அது இப்போ அனவ்ரத்தா ரோடு. அந்த ரோட்டுலதான் நம்ம காளி கோயில், 1871ல கட்டினது, உங்க ஆயா கும்புடாம இருந்திருக்க மாட்டாங்க. ஆயா ஏதாவது தெரு பேரு, கடை பேரு சொல்லியிருந்தா பழைய பேரு பக்கத்துல புதுப் பேரையும் எழுதி அதே நோட்டுல ஒட்டி வைங்க. வீட்டு நம்பர் இருந்தா எனக்கு அனுப்புங்க, எப்படியும் மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் பருப்பு வாங்க போவேன், ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன்.

கேள்வி: எங்க அப்பாயி வாயத் தொறந்தா வசவுதான். பாதி தமிழ் பாதி பர்மா, கேக்கறவன் காதப் பொத்திக்குவான். பதினாறாம் நாள் அவங்கள பத்தி நான் நாலு வார்த்தை பேசணும்னு அப்பா சொல்லிட்டாரு. அதெல்லாம் சொல்லலாமா, இல்ல நல்லதா மட்டும் சொல்லணுமா?
பேரன், தன்லின்

பதில்: வசவ எடுத்துட்டா உங்க அப்பாயில மிச்சம் என்ன இருக்கும் தம்பி? பொங்கி சாமி, சின்ன புள்ளைங்க இருந்தா ரெண்டு மூணு வார்த்தைய முழுங்கிட்டு பேசு, மத்தத பேசு. வந்திருக்கறவங்கள்ல வசவு வாங்காத ஆளு இருக்க மாட்டாங்க, ஆளுக்கு ஒண்ண சொல்லச் சொல்லு, நீ ரொம்ப பேச வேண்டியதும் இருக்காது.

எங்க அப்பத்தா கடைசியா தெருவுல பேசினதே சண்டைதான். ஆஸ்பத்திரிக்கு போக சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஒண்ண கூப்பிட்டோம், மூச்சு வாங்குது, கண்ணு சொருகுது, அந்த நெலமையிலயும் வண்டிக்காரர் சொன்ன கூலிய கேட்டுட்டு எந்திரிச்சு உக்காந்துருச்சு. "ஏண்டா, நான் திரும்பி வரும்போதும் உன் வண்டியிலதானே வருவேன், ரெண்டுக்கும் சேத்து சொல்லு, பத்து கியாத்த கொறை"ன்னு பேரம். அவரும் சிரிச்சிக்கிட்டே கொறைச்சாரு. அது வண்டியில திரும்பி வரல. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அவரு வந்தாரு, யாரும் கூப்புடல, அவரா வந்தாரு, பந்தியில உக்காந்து ரசத்துக்கு காத்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்து எலைக்காரங்ககிட்ட, உங்க பாட்டி எனக்கு இன்னும் ஒரு சவாரி பாக்கி வச்சிட்டு போயிருச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.